உறவுப்பூச்சு

கடலடியில் ஒரு சொறிமுட்டை ஜெல்லிமீன் வினோலியாவின் கழுத்தைத் தடவிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே ஒரு கூட்டம் வந்தது. ஒன்றுகூடக் கொட்டவில்லை. உடம்பெல்லாம் உறவுப்பூச்சு இருக்கும்போது ஏன் கொட்டப் போகின்றன? ஜெல்லிமீன்கள் தங்கள் இனத்தைக் கொட்டுவதில்லை. அவற்றின் வழவழப்பான மேற்பசையை ஆய்வகத்தில் வளர்த்து மனிதத் தோலில் பீய்ச்சிவிட்டால் மனிதனும் அவற்றுக்குச் சொந்தக்காரன்தான். சூடேறிய கடலில் அவைதான் பெருகிக் கிடந்தன. சொந்தம் கொண்டாடாமல் யாரும் இறங்க முடியாது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் உறிஞ்சுவாயை அடைக்கும் சொறிமுட்டைகளை அள்ளுவது அவளுக்கும் தம்பி கிங்ஸ்டனுக்கும் வேலை. மாதம் முழுக்க மிதவைத் தளத்தில் தங்கல். முன்பெல்லாம் பூச்சைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுவார்கள். இது புதுப் பூச்சு, ஒரு மாதம் அப்படியே நிற்கும். தளத்தில் எல்லோரும் பூசியவர்கள்தான் என்பதால், ஒருவரையொருவர் தொட்டபோதும் எந்த வித்தியாசமும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கிங்ஸ்டனின் முழங்கை உறிஞ்சுவாயின் கம்பிவலைமேல் படிந்த சிப்பியில் உரசிற்று. தோலோடு பூச்சும் வழிந்து போயிற்று. வினோலியா பாய்ந்துபோய்க் காயத்தை அழுத்திப் பிடித்தாள்.

முகக்கூட்டின் ஒலிவாங்கியில் அவன் அலறியது அவள் காதைப் பிளந்தது.

"எதுவோ கொட்டிட்டுல? காட்டு!" என்று இன்னும் இறுக்கினாள்.

"விடுக்கா! நீதான்... உன் கைதான்!"

விட்டாள். விளக்கை அடித்துப் பார்த்தாள். காயத்தைச் சுற்றி ஐந்து சிவந்த தடிப்புகள் எழும்பியிருந்தன. அவளுடைய ஐந்து விரல்கள்.

சொந்தக்காரியென்று நம்பிய ஜெல்லிமீன்கள் இந்த ஒரு மாதமாக உரசி உரசித் தங்கள் கொட்டணுக்களை அவள் பூச்சில் விதைத்துவிட்டிருந்தன. பூசாத தோல் எதுவானாலும் அவற்றுக்கு எதிரி. அது தம்பியின் தோலென்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

"தொண்ட அடைக்குக்கா..." அவன் குரல் தேய்ந்தது. அவன் செத்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அவனைத் தொடப் பயந்து, அவன் முதுகிலிருந்த காற்றுருளையின் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போனாள். தன் கைகளைப் பார்க்கவே அவளுக்கு அச்சமாக இருந்தது.

தளத்தில் ஆட்கள் ஓடிவந்தார்கள். "யாரும் அவன் கையத் தொடாதிய!" என்று கத்தினாள். தள மேற்பார்வையாளர் இன்னாசி குடிதண்ணீர்க் குவளையோடு வந்தார்.

"நல்ல தண்ணி ஊத்தாதீங்கண்ணே! நல்ல தண்ணி பட்டா ஒட்டியிருக்க கொட்டணுவெல்லாம் வெடிச்சுக் கொட்டிரும்!"

முதலுதவிப் பெட்டியில் வினிகர் இல்லை. கொட்டே வாங்காத தளத்துக்கு எதற்கென்று எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கடல்நீரை ஊற்றி ஊற்றி, ஒவ்வாமை ஊசி போட்ட பிறகுதான் கிங்ஸ்டனுக்கு மூச்சு வந்தது. வினோலியா அழுதாள்.

"இந்த எழவ மொதல்ல கழட்டிருதேன்" என்று வழிக்கும் தகட்டை எடுத்து இடது உள்ளங்கையைச் சுரண்டினாள். வெளுத்த சொந்தத் தோல் தெரிந்தது. எரிந்த இடத்தை வலதுகை தானாகவே போய்த் தடவிற்று.

நெருப்பை அள்ளியதுபோல் துடித்துப்போனாள். அவள் கையே அவளைக் கொட்டியிருந்தது.

இன்னாசி குளியலறைக் குழாய்களைப் பார்த்தார். பூச்சைக் கரைக்க நல்ல தண்ணீரைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதை ஊற்றினால் அவள் உடம்பிலுள்ள கொட்டணுக்கள் எல்லாம் ஒரேயடியாக வெடிக்கும். கடைசியில் பீய்ச்சியை எடுத்துவந்து கிங்ஸ்டனின் கையிலும் அவள் உள்ளங்கையிலும் புதுப் பூச்சு அடித்தார்.

கிங்ஸ்டன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"இப்ப கொட்டலக்கா" என்றான் அவன்.

ஒலிபெருக்கியில் கரையிலிருந்து அவள் கணவன் கூப்பிட்டான். "சாயங்காலம் வந்துருவேல்லா? பாப்பா உன்ட்ட தூக்கச் சொல்லணும்னு துறைமுகத்துக்கே வந்துட்டா."

வினோலியா தம்பியின் கையை விடவில்லை. அப்படியே இன்னாசியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தப் பீய்ச்சியில எவ்வளவு மிச்சம் இருக்கு? மூணு வயசுப் பிள்ளைக்குக் காணுமா?"