பழுதில்லாத உடல்

எஸ்தாக்கியை எழுப்புவதற்கான விண்ணப்பத்தில் ‘உடலின் பழுதுகளை நீக்கலாமா?’ என்றொரு கேள்வி இருந்தது. அவன் மனைவி தெக்கிலா யோசிக்கவே இல்லை, திரையில் ‘ஆம்’ என்பதைத் தொட்டுவிட்டாள். மூன்று வருடம் கல்லறையில் கிடந்த புருஷன் வரப்போகிறான், அவனை ஊனத்தோடா கூப்பிடுவாள்?

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புன்னைத்துறையில் மீளுடல் கூடம் திறந்த நாளிலிருந்து ஊரே இப்படித்தான் செய்தது. எலும்பில் ஒரு துணுக்குப் போதும், கூடம் உடலை வளர்த்துவிடும். உயிரோடு இருந்தபோது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நினைவுமணியிலிருந்து ஞாபகங்களை எடுத்து அதற்குள் வைத்துவிடும். பங்குச் சாமியார் ஜெரோனிஸும், “உயிர்த்த உடலுக்குப் பழுதில்லை, அழிவில்லை” என்று பூசையில் முழங்கியிருந்தார். பிறகென்ன?

எஸ்தாக்கியின் வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. முப்பது வருடங்களுக்கு முன், மாதா திருவிழாவில் படகில் போனபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் கடலில் விழுந்தாள். அவள் தாவணி இயந்திர விசிறியில் சிக்கியது. குதித்தான், கையை விட்டு இழுத்தான். பெண் பிழைத்தாள், விரல்கள் போயின. அந்தப் பெண்தான் தெக்கிலா. விருந்து வீடுகளில் அவன் அந்தக் கையோடு பந்தியில் உட்காரக் கூசும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

எழுப்பிய அன்று, பத்து விரல்களோடு உட்கார்ந்திருந்தவன் அவளைக் கண்டதும் மரியாதையாக எழுந்தான்.

“உக்காருங்கம்மா. யாரத் தேடி வந்தீங்க?”

“ஏங்க, நாந்தாங்க தெக்கிலா!”

“எந்தத் தெக்கிலா?”

கூடத்து அதிகாரி சுடர்விழி அவளைத் தனியே அழைத்துப் போனாள்.

“உடம்பும் ஞாபகமும் ஒத்துப் போகலைன்னா புத்தி பேதலிச்சிரும்மா. உடம்புல இல்லாத காயத்தோட ஞாபகத்தைக் கூடம் தானா எடுத்துரும். அவரு உங்கள மொதமொதல்ல பாத்ததே அந்தக் காயம் பட்டப்பத்தான? அதுல கோத்ததெல்லாம் உதிர்ந்துட்டு. விண்ணப்பத்துலயே போட்டிருக்கே.”

“அத யாரு படிச்சா, பாவி!”

கூட வந்திருந்த சாமியார் மெல்லச் சொன்னார்: “ஆண்டவரே ஆணித் தழும்போடதான உயிர்த்து வந்தாரு. சந்தேகப்பட்ட சீடர் தோமையார் அதப் பாத்துத்தான நம்புனாரு.”

“இத அன்னைக்கே சொன்னா என்ன சாமி?”

“எனக்கே இப்பத்தான் உறைக்குது, மகளே.” அவர் தலை குனிந்துகொண்டார்.

எடுத்த ஞாபகம் பத்திரமாக இருந்தது. திரும்ப வைக்கலாம், ஆனால் இரண்டு விரல்களை வெட்ட வேண்டும். கல்யாணம் சாவோடு முடிந்துவிட்டதால், உயிரோடு எழுந்துவிட்டவனுக்காகத் தெக்கிலாவின் கையெழுத்து இனி செல்லாது, அவனே ஒப்பவேண்டும். சுடர்விழி தாளை அவன் முன் வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள்.

எஸ்தாக்கி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

“அந்த ஞாபகத்துல என்னம்மா இருக்கு?”

“நான் இருக்கேன்.” அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். முகத்தில் அறிமுகத்தின் சாயல்கூட இல்லை.

“எனக்கு உங்களத் தெரியலம்மா. ஆனா ஒரு பொம்பள இப்பிடி அழுதா எப்பிடிப் பாத்துட்டிருக்க முடியும்? ரெண்டு வெரல்தான, எடுத்துக்கிடட்டும்.” பேனாவை எடுத்தான்.

தெக்கிலாவின் அழுகை சட்டென்று நின்றது. இவன்தான். அச்சு அசல் இவனேதான். முன்பின் தெரியாதவளுக்காக மறுபடியும் கையை நீட்டுகிறான், மடையன்.

அவள் தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

“வேண்டாங்க. ஆள் மாறி வந்துட்டேன். நான் தேடி வந்தவரு நீங்க இல்ல.”

சாமியார் வாய் திறக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

எஸ்தாக்கி வாசல்வரை கூடவே வந்தான். “படி வழுக்கும்மா, பாத்து” என்று கையைக் கொடுத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.