எழுத்துப் படித்த பன்னிரண்டு கைக்குழந்தைகள்

காலை ஒன்பது மணிக்கே ஆராய்ச்சிக்காரி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் விசாரணை. அதில் தோற்றால் வேலையும் போகும், பெயரும் போகும்.

அவள் வந்து பார்த்த துப்பறிவாளரை எல்லோரும் ‘நிதானம்’ என்பார்கள். அவரிடம் வேலை பார்க்கும் மருமகளுக்கு, அதாவது தமக்கை மகளுக்கு, அந்தப் பட்டம் ஏழு ஜென்மத்திலும் கிடைக்காது.

விஷயம் இதுதான். தாயின் மடியில் ஆறு மாதக் குழந்தையை உட்காரவைத்துத் திரையில் படம் காட்டுவார்கள். திரைக்குக் கீழே இருக்கும் கருவி, கண் எங்கே பார்க்கிறது என்று புள்ளிபுள்ளியாகப் பதியும். படத்தில் ஒரு முகம், அதன் அடியில் ஒரு வரி எழுத்து. ஒப்பிட்டுப் பார்க்க முதலில் தனியாக உட்காரவைத்த பெரியவர்கள் பன்னிரண்டு பேரும் எழுத்தைத்தான் வரிசையாகப் பார்த்தார்கள். அதிசயமாக, பன்னிரண்டு குழந்தைகளும் அப்படியே பார்த்தன. ஆராய்ச்சிக்காரி பூரித்துப்போனாள். ஆய்வகத் தலைவரோ, குழந்தைகளுக்குப் பதில் அவளே உட்கார்ந்து பதிந்துவிட்டாள் என்று குற்றக் கடிதம் கொடுத்துவிட்டார்.

“தலைவருக்குப் பொறாமை, மாமா” என்றாள் மருமகள், ஆய்வகப் படியேறும்போதே. மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனை அறையில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். தாய்மார் அணிய வேண்டிய கறுப்புக் கண்ணாடி இருந்தது, இந்தச் சோதனைக்கென்றே வாங்கியது. அதன்மேல் ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஓரத்தில் மட்டும் லேசாக உரிந்திருந்தது. பன்னிரண்டு படிவங்களிலும் ‘கண்ணாடி அணிந்தார்’ என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தது. பிறகு கருவி பதிந்த எண்களை வாங்கி அரைமணி நேரம் வாசித்தார். மருமகளுக்குப் பொறுமை பறந்தது.

கடைசியில் தலைவரையும், ஆராய்ச்சிக்காரியையும், தாய்மாரை உட்காரவைக்கும் உதவியாளரையும் அங்கேயே கூப்பிட்டார். உதவியாளரை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் அழைத்தார்கள்.

“தலைவர் சொன்னது பாதி சரி. இது குழந்தைங்க கண்ணு இல்ல. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கருவி எழுதி வச்சிருக்கு. குழந்தைக்கு நாற்பது மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். இங்க எல்லாமே பெரியவங்க அளவு.”

தலைவர் தலையாட்டினார். ஆராய்ச்சிக்காரியின் முகம் செத்துப்போனது.

“ஆனா ஒண்ணு ஐம்பத்தெட்டு, ஒண்ணு அறுபத்தஞ்சு. பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். ஒரே ஆள் உக்காந்திருந்தா இது மாறுமா? இது பன்னிரண்டு அம்மாக்களோட கண்ணு. குழந்தை நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். கருவி அசையாத கண்ணாப் பார்த்துப் பிடிச்சுக்கிட்டது. அம்மா கண்ணை மறைக்கத்தான் கறுப்புக் கண்ணாடி. அதுல ஒட்டின தாளே இன்னும் முழுசா உரியல.”

அக்கா அழவில்லை, மறுக்கவும் இல்லை.

“முதல்ல வந்த அம்மாவுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன், சார். குழந்தை திரும்பிப் பார்த்து அம்மா முகத்தைக் காணோம்னு வீல்னு கத்திடுச்சு. அப்புறம் எல்லா அம்மாக்கிட்டயும் கண்ணை மூடிக்கோங்கன்னு சொன்னேன். மூடிக்கிட்டாங்கன்னு நினைச்சுத்தான் படிவத்துல குறி போட்டேன். கடிதம் வந்ததும் பயந்து சொல்லாம விட்டுட்டேன்.”

தலைவர் குற்றக் கடிதத்தைக் கிழித்தார். மன்னிப்பும் கேட்டார், சற்றுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. மருமகளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆராய்ச்சிக்காரி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ குழந்தைங்க எதைப் பார்த்துச்சு?”

“தெரியாதும்மா. அதை இன்னும் யாரும் பதியலையே” என்றார் நிதானம்.

பெயர் தப்பியது, கண்டுபிடிப்பு போய்விட்டது. அதே குழந்தைகளைத் திரும்பக் கூப்பிடவும் வழியில்லை. இந்நேரம் எல்லாம் ஆறு மாதம் தாண்டித் தவழ்ந்துகொண்டிருக்கும். ஆராய்ச்சிக்காரியை ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார் தலைவர்.

அவளோ பன்னிரண்டு பதிவுகளுக்கும் ‘செல்லாது’ என்று தன் கையாலேயே எழுதினாள். கடைசிப் பதிவில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

“அக்கா, நாலு மாசக் குழந்தை யார் யார் வீட்ல இருக்குன்னு விசாரிங்க. ஆறு மாசம் ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள, அம்மா கண்ணாடி போட்டாலும் குழந்தை அழாத மாதிரி ஒரு வழி கண்டுபிடிப்போம்.”

அக்கா அப்போதுதான் அழுதாள்.