அம்மாவின் நிறம்

இரண்டாவது வண்ணக் கண்ணாடித் தாளைப் புரொஜெக்டர் லென்ஸுக்கு முன்னால் பிடித்ததும், சுவரில் ஓடிய படத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகள் வெள்ளையாகிவிட்டன. வானம் நீலமாகிவிட்டது. அம்மாவின் கை மட்டும் சிவப்பாகவே இருந்தது.

தாளில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அவள் அதை எடுத்துத் துடைத்து மறுபடி பிடித்தாள். பட்டப்பகலில் ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கிய கூடம் அடுப்படியாக வெந்துகொண்டிருந்தது. புரொஜெக்டர் விளக்கில் தூசி கருகும் நெடி, ஃபிலிமிலிருந்து கிளம்பும் புளித்த வாடை, கம்பளிக்கு அந்தப் பக்கம் எவனோ விடாமல் அடிக்கும் ஹார்ன், இவற்றுக்கு நடுவே பற்சக்கரம் ஃபிலிமைக் கடித்துக் கடித்து இறக்கும் கடகட சத்தம்.

"பாத்த வரைக்கும் போதும். அறுந்துடப் போகுது," என்றான் அண்ணன்.

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். இத்தன வருஷம் சமையலறைப் பரண்ல போட்டு வேகவெச்சியே, அப்போ எங்க போச்சு இந்த அக்கறை?"

அப்பா எடுத்த எட்டு மில்லிமீட்டர் படம் அது. சில நிமிடங்களே ஓடும். அம்மா கலரில் இருப்பது உலகத்தில் இந்த ஒரு சுருளில் மட்டும்தான். அந்த முகம் இவள் மனதில் பதியும் வயது வருவதற்குள் அம்மா செத்துப்போய்விட்டாள்.

பழைய கலர் ஃபிலிம் சூட்டில் கிடந்தால் மற்ற நிறங்கள் வெளுத்துப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சும். பல வருடம் கலர் லேபில் வேலை பார்த்தவளுக்கு அதைச் சரிசெய்வது பெரிய வித்தையில்லை. சிவப்பை வழிமறிக்கும் நீலப்பச்சைத் தாளை லென்ஸுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். படத்தில் நிச்சயமாக வெள்ளை என்று தெரிந்த ஒரு பொருளைத் தேட வேண்டும். அது வெள்ளையானால், முகங்களும் உண்மையைச் சொல்லிவிடும்.

அவளுக்கு வேண்டியது அந்த உண்மைதான். அம்மா தங்க நிறமாம். இவள் கறுப்பு. அத்தை இவளைப் பார்க்கும்போதெல்லாம் "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைம்பாங்க..." என்று இழுத்து, மீதியை முகவாட்டத்தில் சொல்வாள். அண்ணன் அவ்வளவு நாகரிகம்கூடப் பார்க்க மாட்டான். "உன்ன ஆஸ்பத்திரில மாத்திட்டாங்கடி," என்பான். போன வாரம் அதையே இவள் மகள் முன்னால் சொல்லிச் சிரித்தான். மகளும் சேர்ந்து சிரித்தாள். இன்றைக்கு அம்மாவும் தன் நிறம்தான் என்று சுவரில் காட்டி அவன் வாயை அடைத்தே தீர வேண்டும்.

மூன்றாவது தாளைச் சேர்த்தாள். போர்வைகள் பச்சையாக மாறின. அவற்றுக்கிடையே ஓடித் திரிந்த சின்னப் பையன், அதுதான் அண்ணன், பாசி பிடித்தவன்போல் ஆனான். முதுகு காட்டி நின்று துணி உலர்த்தும் அம்மா மட்டும் முன்னைவிடச் சிவந்தாள்.

"என்னடி, அம்மா மட்டும் இப்படி?"

"சுவத்துல என்னத்தப் பூசி வெச்சிருக்க?"

"சுண்ணாம்புதான். வேற என்ன பூசுவாங்க?"

சுவர் இல்லை. அது அவளுக்கே தெரியும். சிவப்பு இல்லாத வெளிச்சத்தில் சிவப்புத் துணிகூடக் கறுப்பாகத்தான் தெரியும். தினமும் பார்த்த விஷயம். கையிலிருந்த தாள்களை எல்லாம் ஒன்றாக அடுக்கிப் பிடித்தாள். இத்தனையைத் தாண்டி ஒரு பொட்டுச் சிவப்பும் போகக் கூடாது.

அம்மா தணலாக எரிந்தாள். இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

பயம் வந்தது. ஆனால் கோபம் அதை முந்திக்கொண்டது. செத்தவளும் சேர்ந்துகொண்டு ஏய்ப்பதா?

"திரும்பும்மா!" என்று கத்தினாள். "ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டு. இவன் பாக்கட்டும்."

முதல் தடவை ஓட்டியபோது அம்மா திரும்பவே இல்லை. துணியை உலர்த்திவிட்டு அப்படியே வீட்டுக்குள் போய்விட்டாள்.

இப்போது கொடியில் இருந்த கைகள் நின்றன.

கொடி ஆடியது. போர்வை ஆடியது. பையன் ஓடினான். அம்மா அசையவில்லை.

பிறகு தோள் திரும்பியது.

ஃபிலிம் அறுந்தது. அறுந்த முனை சக்கரத்தில் பட் பட் என்று அடித்தது. சுவரில் வெறும் நீலப்பச்சை. போர்வை இல்லை. வானம் இல்லை. பையன் இல்லை.

அம்மா இருந்தாள். இன்னும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

மூக்கு. இவளுடைய மூக்கு. இவளுடைய தாடை. கோபத்தில் இறுகும் அதே உதடு.

"பாத்தியா? என் மூஞ்சிடா! பாருடா!"

அண்ணன் சுவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் பச்சைப் பிணமாக இருந்தது. பின்னால் நகர்ந்தான். நாற்காலி விழுந்தது.

அவள் குனிந்து தாள்களைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

சிவப்பு. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. அதற்கும் மேலே.

அண்ணன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். மோட்டார் ஓய்ந்தது. கூடம் இருண்டது.

அவள் கை இருளவில்லை. சுவரில் நின்றவளும் இருளவில்லை.

"நீ..." இருட்டில் அண்ணன் அழுதான். "நீ அம்மா மாதிரியேதான்டி இருக்க."

அம்மா மெல்லத் துணி உலர்த்துபவள்போலக் கையை உயர்த்தினாள். தூக்க வேண்டும் என்று நினைக்காமலே, இவளுடைய கையும் அதே உயரத்துக்கு எழுந்தது.