இரண்டாம் அட்டை

அணுமின் நிலையத்தின் அமிலத் தொட்டி அறைக்குள் ஒற்றை ஆளாகப் போக முடியாது. இரண்டு அட்டைகளைக் காட்டினால்தான் கதவு திறக்கும். வெளியே வரும்போதும் இருவர் மேலும் கதிரியக்கம் ஒட்டவில்லை, சுத்தம் என்று வாசல் கருவி சொல்ல வேண்டும்.

அன்று தொட்டிக்காரனின் ஜோடி ஆள் வரவில்லை. மனைவியோ பிரசவ வார்டில். கழுவ வேண்டிய, கதிரியக்கம் படிந்த வால்வுகள் நாலே நாலு; முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று, செத்துப்போன மச்சானின் அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துவந்து காட்டினான். மனைவியின் அண்ணன், போன வருடம் இதே தொட்டியில் வழுக்கி விழுந்தவன். அட்டையை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. தங்கச்சிக்காக இந்த உதவிகூடச் செய்யமாட்டானா என்று தனக்குள் சிரித்துக்கொண்டான்.

வால்வுகளை அமிலத்தில் முக்கினான். முகமூடியையும் மீறி நெடி மூக்கில் ஏறியது. கழுவியெடுத்துக் கதிரியக்க மீட்டரை வைத்தபோது கரகரப்பு அடங்கியிருந்தது.

உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் வாசல் கருவியின் மேடையில் ஏறி நின்றான். பச்சை. இறங்கி, மச்சானின் அட்டையையும் காட்டினான். காலி மேடையில் என்ன அழுக்கு இருந்துவிடப் போகிறது?

சிவப்பு.

'இரண்டாம் ஆள்: கை, கால், முகம். கழுவி வரவும்.'

பின்னால் ஷவர் தானாகத் திறந்துகொண்டது.

அவன் சுவரிலிருந்த பேசியை அழுத்தினான். "சார், கதவத் திறங்க. உள்ள நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"கேமராவுல ரெண்டு பேர் தெரியுறீங்களே," என்றார் கட்டுப்பாட்டு அறைக்காரர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். "அவரு குளிச்சிட்டு வரட்டும். ஒருத்தர உள்ள விட்டுட்டுத் திறக்க முடியாது."

தண்ணீர் நின்றது. ஈரக் காலடிகள் வந்து மேடையில் ஏறின.

சிவப்பு. மறுபடி தண்ணீர். மறுபடி காலடி. மறுபடி சிவப்பு.

எத்தனை முறை என்று கணக்குத் தப்பிப்போனது. அவன் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"என்னை விட்டுடுங்க மச்சான். அவ தனியா இருக்கா."

பேசி கரகரத்தது. "ஆஸ்பத்திரியிலருந்து போன். பொண்ணு பொறந்திருக்காம். ரெண்டு பேரும் சீக்கிரம் வாங்க."

தண்ணீர் சட்டென்று நின்றது.

"யாரு சாயல், மாப்ள?"

காதோரம் அமில நெடி. வலது தோளில் ஈரமாக ஒரு கை பதிந்தது.

கருவியில் அவனுடைய பச்சையும் அணைந்தது. 'முதல் ஆள்: வலது தோள். கழுவி வரவும்.'

பின்னால் இரண்டு ஷவர்களும் ஒன்றாகத் திறந்துகொண்டன.