டேப்பின் மறுமுனை

அளவு டேப் விறைத்தது.

மறுமுனையை அவள் இன்னும் எதிலும் மாட்டவே இல்லை. எதிர்ச்சுவரில் ஆணி அடித்து மாட்டலாம் என்று முனையை அறை நடுவில் போட்டுவிட்டு, சுருளோடு பக்கத்து அறைக்கு நடந்து வந்திருந்தாள். அவ்வளவுதான்.

கல் இடுக்கில் சிக்கியிருக்கும். நாலு மீட்டர் இருபது. எழுதிக்கொண்டாள். திரும்பப் போய்ப் பார்த்தபோது முனை அறை நடுவில் இல்லை. எதிர்ச்சுவரின் அடியில், அவள் வைக்க நினைத்த அதே இடத்தில் கிடந்தது.

ஈரமாக.

ஏரியை ஒட்டிய அந்தக் கிராமத்தில் முந்நூறு வருஷத்து வீடுகள் பதினேழு. எல்லாம் கருங்கல். மேல்மாடிகள் தெருவை எட்டிப் பார்க்கும். தண்ணீர்ப் பக்கம் ஒவ்வொரு வீட்டின் அடியிலும் வளைவு வைத்த படகுக் கூடம், அதன் கோடியில் ஏரிக்குள் இறங்கும் படிகள். மக்கிய மரமும் பாசியும் கலந்த வாசனை எந்த அறைக்குப் போனாலும் கூடவே வரும். சுவரில் காதை வைத்தால், கல்லைத் தண்ணீர் நக்கிக்கொண்டே இருப்பது கேட்கும்.

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது அவள் தொழில். தம்பிக்கும் அதே தொழில். அக்கா சுருளைப் பிடித்து அளவு படிப்பாள். தம்பி பூஜ்ய முனையைப் பிடிப்பான். சரியாக வைத்ததும் இரண்டு முறை சுண்டுவான். அவள் படித்து, எழுதி, "விடு" என்பாள். அப்புறம்தான் விடுவான். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான்.

போன வருஷம் இந்த ஏரி அவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் வாசல் கதவைத் தாழ் போட விடுவதில்லை. மிச்ச வீடுகளை அளக்கப் போகிறேன் என்று ஆபீசில் சொன்னாள். வந்தது அதற்கில்லை. ஒரு எலும்பாவது. ஒரு சட்டைப் பொத்தானாவது. அம்மாவின் கையில் வைக்க ஏதாவது ஒன்று.

மறுநாள் அடுத்த வீட்டில் வேண்டுமென்றே முனையைத் தரையில் போட்டாள். நடந்தாள். நின்றாள்.

டேப் தரையிலிருந்து மெல்ல எழுந்தது. விறைத்தது.

ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு.

முதலில் பயம்தான் வந்தது. அதன் பின்னால், ஒரு வருஷமாக வராமல் அடம்பிடித்த அழுகை வந்தது.

"நாலு அறுபது," என்றாள். "விடுடா."

டேப் தொய்ந்தது.

அன்று அந்த வீட்டை மூன்று முறை அளந்தாள். மறுநாளும் அங்கேயே போனாள்.

சாயங்காலம் விடுதிக்காரம்மா தட்டை வைத்தபடி கேட்டாள். "ஏம்மா, நேத்து அளந்த வீட்டுக்கே இன்னைக்கும் போனீங்களே, ராத்திரியில வளர்ந்துடுச்சா?"

"சரிபார்த்தேன்."

"நல்லா பாருங்க. ஆனா ரெண்டு பேரு வேலை பாக்கறீங்க, சாப்பாடு மட்டும் ஒருத்தருக்குச் சொல்றீங்க. அந்தத் தம்பி என்ன, பட்டினியா?"

டம்ளர் மேஜையில் இடித்தது. "பார்த்தீங்களா?"

"படகுல வரும்போது ஜன்னல்ல முதுகு தெரிஞ்சுது. தொப்பலா நனைஞ்சுபோய் நிக்கறாரு! சளி பிடிக்காதா? துண்டு ஒண்ணு தரேன், கொடுங்க."

அவள் வாங்கிக்கொண்டாள்.

கடைசி வீட்டுக்குப் போகாமலே மேலும் இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள் மதியம், பனிமூட்டம் ஏரியைத் துடைத்துவிட்டிருந்தது. அந்த வீட்டுப் படகுக் கூடத்துக்குள் இறங்கினாள். குளிர். இருட்டு. படிகளில் தண்ணீர்.

இங்கேதான்.

போலீசிடம் சொன்னது, கால் வழுக்கிவிட்டது என்று. சொல்லாதது வேறு. கீழ்ப்படியில் முனையை வைத்துப் பிடித்தபடி, இடுப்பளவு தண்ணீரில் அவன் நின்றான். மேலே அவளுக்கு போன் வந்தது. சுருளைத் தரையில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனாள். பேச்சு வளர்ந்தது. "விடு" என்று சொல்லவில்லை. மேல் அணையில் மதகு திறந்த நேரம் அது. "நீ சொல்லாம விட்டா அளவு தப்பாயிடும்க்கா" என்று எப்போதும் கிண்டல் செய்கிறவன், தண்ணீர் ஏற ஏறப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். அவள் திரும்பி வந்தபோது டேப் தண்ணீருக்குள் விறைத்திருந்தது. பதறி இழுத்தாள்.

வெறும் முனைதான் வந்தது.

இப்போது அதே முனையைப் படியில் போட்டாள். "எங்கடா இருக்கே? காட்டு. அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

டேப் ஓடியது. ஐந்து. ஒன்பது. பதினான்கு. சுருள் கையில் கடகடவென்று சுழன்றது. இருபத்தாறு.

நின்றது.

இரண்டு சுண்டு.

இருபத்தாறு மீட்டர். அங்கேதான் இருக்கிறான். எழுதினாள். ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்த சொல்லைச் சொன்னாள்.

"விடுடா கண்ணா. விட்டுடு."

டேப் தொய்ந்தது. அவன் விட்டதால் அல்ல. முனை திரும்பி வந்துகொண்டிருந்தது. இருபது. பதினொன்று. ஆறு. கீழ்ப்படியில் தண்ணீர் கலங்கியது. அதற்கு மேல்படியில். அதற்கும் மேல்.

ஊறி வெளுத்த விரல்கள் அவள் விரல்களைச் சுருளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தன. மென்மையாக. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல. சுருள் போனது. பூஜ்ய முனை அவள் உள்ளங்கைக்கு வந்தது.

"இப்ப நீ பிடிச்சுக்கோக்கா."

படிகளில் காலடி இறங்கியது. டேப் நீண்டது. விறைத்தது.

தண்ணீர் ஏறியது. முழங்கால். இடுப்பு. விரலைத் தளர்த்தினால் போதும். ஓடிவிடலாம். தளர்த்தவில்லை. அவன் சொல்லட்டும்.

நெஞ்சு. கழுத்து.

தூரத்தில் ஏரிக்கடியிலிருந்து குமிழிகள் வரிசையாக எழுந்து உடைந்தன. அவன் அளவைப் படித்துக்கொண்டிருந்தான். நிதானமாக.

அவள் முகத்தை மட்டும் மேலே தூக்கி, இரண்டு முறை சுண்டினாள். காத்திருந்தாள்.