கொல்லைப்பக்கம் கேட்ட பெயர்

அந்த வீட்டுக்குக் குடிபோனபோது அக்காவுக்கு ஏழாம் மாதம். சாமான் வண்டி திரும்பிப் போனதும், மின்விசிறி மாட்டுகிறேன் என்று அத்தான் ஏணியில் ஏறியவர் இறங்கவே இல்லை. நானும் அக்காவும் சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பழைய வீடு, உயரமான கூரை. எவ்வளவு துடைத்தாலும் ஈரச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. பின்கதவைத் திறந்தால் துணி துவைக்கிற கல், அதற்கப்பால் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் புதர் மண்டிய காலிமனை.

மத்தியான வெயில் சாயத் தொடங்கிய நேரம். மதில் பக்கமிருந்து ஒரு பெண் தன் குழந்தையைக் கூப்பிட்டாள்.

கோபமாக அல்ல. விளையாடியது போதும், வந்து சாப்பிடு என்று அழைக்கும்போது அம்மாக்கள் குரலில் அலுப்பும் செல்லமும் கலந்திருக்குமே, அந்தக் குரலில். வெறும் பெயரை மட்டும், கடைசி எழுத்தை நீட்டி நீட்டிக் கூப்பிட்டாள்.

அக்கா துணியைக் கீழே போட்டாள். "என்ன பேருடி அது! கேட்டியா?"

கேட்டேன். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் யாருக்காவது பிடித்துப்போகும்.

பெயர் விஷயத்தில் அக்கா முயலுக்கு மூன்றே கால் என்பவள். அவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை. வகுப்புக்கு நான்கு குழந்தைகளாவது ஒரே பெயரில் இருப்பார்கள். கண்ணாடி போட்டவள், பல் விழுந்தவள் என்று அடைமொழி சேர்த்துத்தான் கூப்பிட முடியும். "என் பொண்ணைக் கூப்பிட்டா என் பொண்ணு மட்டும்தான் திரும்பிப் பாக்கணும்" என்பாள். ஆண் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் முறைப்பாள்.

அன்று மாலையே கைபேசியில் தேடினாள். குழந்தைப் பெயர்கள் தரும் பக்கங்களில் ஒன்றில்கூட அது இல்லை. அத்தானின் நண்பர் ஒருவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். நாங்கள் அவரை 'அகராதி' என்போம். அவரிடம் அத்தான் கேட்டார்.

"ரொம்பப் பழைய சொல்லுப்பா. போனவ மீண்டு வர்றதுன்னு வேர். 'மீண்டு வந்தவள்'னு வெச்சுக்கலாம். நல்ல பேருதான். ஆனா இதை மனுஷங்க யாரும் வெச்சு நான் கேள்விப்பட்டதில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அக்கா மயங்கினாள்.

பெண்தான் பிறந்தாள். அந்தப் பெயரையே வைத்தார்கள்.

குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. சிரித்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது. ஒரே ஒரு குறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. அக்கா கொஞ்சிக் கூப்பிட்டாலும் சரி, அத்தான் கத்தினாலும் சரி, கையில் இருப்பதை வைத்து விளையாடிக்கொண்டே இருக்கும். செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான். வாயால் சொல்லாவிட்டாலும் எல்லோர் மனதிலும் அந்தப் பயம் வந்துவிட்டது.

"உன்கிட்ட கூட்டிட்டு வரட்டுமாடி?" என்று அக்கா போனில் கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

நான் மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். வெளிச்சத்தம் துளியும் புகாத சின்ன அறை ஒன்று எங்களிடம் உண்டு. சுவர் முழுக்கப் பஞ்சு, கனத்த இரட்டைக் கதவு. உள்ளே இரண்டு மூலைகளில் ஒலிபெருக்கி. கண்ணாடிக்கு வெளியே நான் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒருவர் மூச்சு விட்டாலும் அங்கிருக்கும் மைக் வழியாக எனக்குக் கேட்கும்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உள்ளே உட்கார்ந்தாள். வலப்பக்கம் சத்தம் கொடுத்தேன். குழந்தை வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் கொடுத்தேன்; இடப்பக்கம். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். இலை உரசுகிற அளவுக்குக் குறைத்தும் திரும்பியது.

"காது பிரமாதமா கேக்குதுக்கா!" என்றேன் மைக்கில். அக்கா அழுதுவிட்டாள். "இப்ப நீ பேரைச் சொல்லிக் கூப்பிடு, பாப்போம்."

கூப்பிட்டாள். குழந்தை அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

மறுபடியும் கூப்பிட்டாள். பொத்தான்தான் முக்கியம்.

சரி, பிறகு பார்க்கலாம் என்று ஒலிபெருக்கிகளை அணைத்தேன். ஹெட்போனைக் கழற்றக் கை போனது.

குழந்தை திரும்பியது.

ஒலிபெருக்கி எதுவுமே இல்லாத பின்சுவரை நோக்கித் திரும்பியது. முகம் பூப்போல மலர்ந்தது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.

என் ஹெட்போனில் அந்தக் குரல் கேட்டது.

அதே அலுப்பு. அதே செல்லம். கடைசி எழுத்து நீண்டு, நீண்டு, மைக்குக்கு மிக அருகில்.

கண்ணாடி வழியே அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னடி? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட?"

"அக்கா... நீ கூப்பிட்டியா?"

"நான் வாயே திறக்கலையே."

அன்றே வீட்டுக்காரம்மாவிடம் போனோம். வெளியாட்களிடம் குழந்தையைப் பாப்பா என்றே சொல்லிவந்ததால் அந்த அம்மாள் அதுவரை பெயரைக் கேட்டிருக்கவில்லை. அக்கா சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பேரை யாரும்மா உங்களுக்குச் சொன்னா?"

"பின்னாடி வீட்டுல ஒரு அம்மா கூப்பிட்டாங்களே."

"பின்னாடி ஏதும்மா வீடு? வெறும் மனைதானே."

பிறகு சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில், இப்போது அக்கா குடியிருக்கும் வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்ததாம். ஒரே பெண் குழந்தை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் விளையாடப் போன பிள்ளை திரும்பவில்லை. போலீஸ் தேடியது, கிணறுகளில் ஆள் இறங்கிப் பார்த்தார்கள், ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. தாய்க்காரி மட்டும் தினமும் அந்த நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் போன பிறகும் உதடு அசையும். அப்படியேதான் இறந்தாள்.

"அந்தப் பேருக்கு வேற ஆளே கிடையாதும்மா" என்றார் வீட்டுக்காரம்மா. "கூப்பிட்டவளுக்கு இப்பதான் ஒரு பிள்ளை கிடைச்சிருக்கு."

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரத்தில் வீட்டை மாற்றினோம். ஊருக்கு மறுகோடியில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில், மேல்மாடி. பின்கதவு கிடையாது, கொல்லை கிடையாது. பெயரையும் மாற்றினோம். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் ஒன்றை, அக்கா இத்தனை காலம் கேலி செய்த பெயர்களிலேயே ஒன்றை, அவளே வைத்தாள்.

புதுப் பெயருக்கும் குழந்தை திரும்பவில்லை.

நடக்கத் தொடங்கியதும் தினமும் மத்தியானம் வாசற்கதவுக்குப் போய் நின்றது. எட்டாத தாழ்ப்பாளைப் பார்த்துக் கையை உயர்த்தியது. எங்களுக்கு எதுவும் கேட்காது. அதற்கு மட்டும் கேட்கும். அக்கா பள்ளி வேலையை விட்டாள். அந்த நேரம் வந்தால் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு கட்டிலில் கிடப்பாள். குழந்தை அழாது, திமிறாது. அக்காவின் தோளுக்கு மேலாகக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்காவை அது ஒருநாளும் அம்மா என்று அழைத்ததில்லை. அதன் வாயிலிருந்து வந்த முதல் சொல் மூடிய கதவிடம்தான். நானும் அங்கே இருந்தேன். மழலை துளியும் இல்லை, தெளிவாக.

"வந்துட்டேம்மா."

அக்கா அன்று கதவருகே மண்டியிட்டுக் கெஞ்சினாள். "தாயே, நீயும் பெத்தவதானே. இது என் பிள்ளைம்மா. விட்டுடு." பிறகு என்னைப் பார்த்து, "அவளைத் திட்டக்கூட மனசு வரலைடி. அவ தன் பிள்ளைன்னுதானே நினைச்சுக் கூப்பிடுறா" என்றாள்.

போன வாரம் அந்தப் பழக்கம் நின்றது. மத்தியானம் வந்தது, குழந்தை கதவுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. தரையில் உட்கார்ந்து தானாக விளையாடிக்கொண்டிருந்தது. அத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நேற்று நான் போனபோது அக்காவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது.

"பாப்பாவுக்குத் தலை நல்லா பின்னி விட்டிருக்கியேடி. வந்ததும் வராததுமா எப்பப் பின்னின?" என்றாள்.

"நான் இன்னும் அவளைத் தொடவே இல்லையேக்கா. நீ பின்னலையா?"

இருவரும் குழந்தையைப் பார்த்தோம். நடுவகிடு எடுத்து, எண்ணெய் தடவி, இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. பழைய காலத்துப் பின்னல்.

அக்கா பாய்ந்து போய்க் குழந்தையை மடியில் இழுத்து வைத்து இரண்டையும் அவிழ்த்தாள். கூந்தல் தோளில் விழுந்ததும் குழந்தை நழுவி இறங்கித் தள்ளிப் போய், எங்களைப் பார்த்தபடி, தாழிட்ட கதவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

ஏன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருக்கும் பிள்ளையை யாரும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை.

அறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது.

குழந்தை கண்களை மூடி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்துக் கொடுத்தது.

அவிழ்ந்த கூந்தல் மெல்ல எழும்பி, மூன்றாகப் பிரிந்தது.