தட்டிவிட்டு நில்

இரண்டு தட்டல், சற்று நிறுத்தி இன்னொன்று. டொக் டொக்... டொக். பழுதான ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுவது கம்ப்யூட்டர் மெக்கானிக்கான அவருக்குப் புதிதல்ல. பதினெட்டு வருடமாக அந்தச் சத்தத்தோடுதான் பிழைப்பு. ஆனால் கெட்டுப்போன டிஸ்க் ஓயாமல் அடித்துக்கொள்ளும். இது தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது.

முந்தாநாள் இடி விழுந்தபோது அணைந்த வீட்டுக் கம்ப்யூட்டர் பிறகு எழவே இல்லை. கறுப்புத் திரை, மூலையில் மினுங்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். வாடிக்கையாளர்களிடமெல்லாம் "காப்பி எடுத்து வைங்க" என்று வாய் வலிக்கச் சொல்கிறவர் தன் வீட்டில் கோட்டை விட்டிருந்தார். ஏழு மாதத்துக்கு முன் காய்ச்சலில் போன மகள் சிட்டுவின் குரல் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. புது மைக் ஒன்றைச் சோதித்தபோது தற்செயலாகப் பதிவானது. அரை நிமிடம்கூட இல்லை.

"எப்படியாவது எடுத்துக் குடுங்க. அவ குரல் எனக்கு மறந்துட்டே வருதுங்க," என்றாள் மனைவி.

அவருக்கும் மறந்துகொண்டுதான் வந்தது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். கேபிளை மாற்றிப் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியாக ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால், எடுத்ததும் சில நிமிடம் ஓடினாலும் ஓடும். ஐஸ் தட்டுகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினார்.

மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டு. ஈரத்துணி வாடையும், ஃப்ரிட்ஜின் முனகலும், ஜன்னல் தகரத்தில் விடாமல் கொட்டும் தண்ணீருமாக இருந்த சமையலறையில் அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, ஃப்ரீசருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக் டொக்... டொக்.

கேபிள் இல்லை. மின்சாரம் இல்லை. வெறும் இரும்பு. சிட்டு அவருடைய வேலை அறைக் கதவை அப்படித்தான் தட்டுவாள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்குமே என்று அவர்தான் பழக்கியிருந்தார்: தட்டணும், நிக்கணும், அப்பா வான்னு சொன்னாத்தான் உள்ள வரணும். ஒருநாளும் அவள் அதை மீறியதில்லை.

வேலை அறைக்கு எடுத்துவந்து மாட்டினார். டிஸ்க் ஓடியது! அந்த ஒரு பதிவு மட்டும் நகலாகி முடிந்தது, டிஸ்க் நின்றுபோனது. மழை இரைச்சலுக்காக மனைவி வேலை அறையின் கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்து நின்றாள்.

கதவில் கேட்டது.

டொக் டொக்... டொக்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். இருவரும் உள்ளே.

"சிட்டு..." மனைவியின் முகம் மலர்ந்தது.

"பேசாத," என்றார் அவர். "நான் சொல்ற வரைக்கும் வரமாட்டா."

பெற்ற பிள்ளைக்குப் பயந்தார். அந்த வெட்கம் பயத்தைவிடச் சுட்டது. கதவின் அடியிலிருந்து ஐஸ் வாடை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். வாய் திறக்கக் கூடாது. திறக்கவே கூடாது.

"குரலையாவது கேக்கிறேனே," என்று மனைவி மவுஸை அழுத்தினாள்.

அந்தப் பதிவில் என்ன இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கப் பாய்ந்தார்.

ஸ்பீக்கரில் மூன்று தட்டல். "அப்பா, வரலாமா?"

அவர் விரல் வயரைத் தொடுவதற்குள், ஏழு மாதத்துக்கு முந்தைய அவருடைய குரலே சிரித்துக்கொண்டு பதில் சொன்னது.

"வா தங்கம், வா."

கதவின் கைப்பிடி பனி படர்ந்து வெளுத்தது. இறங்கியது. கதவு திறந்தது. வெளியே யாருமில்லை.

மனைவி மண்டியிட்டுக் கைகளை விரித்தாள். எதையோ வாரி அணைத்தாள். கண்களை மூடிச் சிரித்தாள். அவள் கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாய்ப் பத்து விரல் தடம், வெள்ளைப் பனியாக. அவள் மூச்சு புகையாக வந்தது. பிறகு வரவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.